கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை

‘கிளாஸ் டிரான்சிஷன் டெம்பரேச்சர்’, சுருக்கமாக டி.ஜி. படிக வடிவமற்ற (ஆங்கிலத்தில் ‘அமார்ஃபஸ்’) பொருள் ஒன்று விறைப்பு நீங்கி ரப்பர் போல இளகத் தொடங்கும் வெப்பநிலை இது. ‘அமார்ஃபஸ்’ கிரேக்கத்திலிருந்து வந்தது: ‘மார்ஃபே’ என்றால் வடிவம், முன்னால் நிற்கும் ‘அ’ இன்மையைக் குறிக்கும்.

கண்ணாடி என்றதும் ஒளி ஊடுருவுவதுதான் நினைவுக்கு வரும். இங்கே அதற்கு வேலையே இல்லை. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்படாமல், திரவத்தில் கிடந்த தாறுமாறான நிலையிலேயே உறைந்துபோனால் அது கண்ணாடி நிலை. அந்தக் கணக்கில் வீட்டுக் கூரையிலிருந்து இறங்கும் சாம்பல் நிற பி.வி.சி. குழாயும் கண்ணாடிதான்!

பி.வி.சி.யின் டி.ஜி. ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ். பிளம்பர் குழாய் முனையைத் தீயில் காட்டி அதன் வாயை அகட்டுகிறாரே, அப்போது குழாய் உருகுவதில்லை. அந்த எல்லையைத் தாண்டி இளகுகிறது, ஆறியதும் புதிய வடிவத்திலேயே விறைத்துக்கொள்கிறது. அதே பி.வி.சி.யில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலந்தால் மூலக்கூறுச் சங்கிலிகள் எளிதில் நகரும்; டி.ஜி. அறை வெப்பநிலைக்குக் கீழே போய்விடும். மின்வயரின் மேலுறை வளைவது அதனால்தான். பல ஆண்டுகளில் அந்த எண்ணெய் வெளியேறிவிட்டால் உறை விறைத்து விரிசல் விடும். இயற்கை ரப்பருக்கு டி.ஜி. சுமார் −70. பாலிஸ்டைரீனுக்கு 100.

இது உருகுநிலை போலத் துல்லியமான புள்ளி அல்ல. மெதுவாகக் குளிர்வித்தால் சில டிகிரி கீழே இறங்கும். உருகும்போது வெப்பநிலை ஏறாமலே உறிஞ்சப்படும் உள்ளுறை வெப்பமும் இங்கே கிடையாது. வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம், மாறுவதை வைத்துத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். இது உண்மையில் எப்படி நிகழ்கிறது என்பது இன்னும் தீராத வழக்கு. திண்மநிலைக் கோட்பாட்டில் விடை காணாத மிக ஆழமான சிக்கல் அநேகமாக இதுதான் என்று நோபல் பரிசு பெற்ற பிலிப் ஆண்டர்சன் 1995இல் எழுதினார்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘கண்ணாடி மாறுநிலை வெப்பநிலை’ என்று எழுதினால் குழப்பம் வரும். ‘மாறுநிலை வெப்பநிலை’ பாடநூல்களில் வாயுக்களைத் திரவமாக்கும் பாடத்தில் வேறு பொருளில் வருகிறது. ‘கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை’ நீளம்தான், ஆனால் பிசகில்லை.

அப்புறம், மழைக்காலத்தில் அப்பளம் நமுத்துப்போவதும் இதே சங்கதிதான். காற்றின் ஈரம் மாவுச்சத்தில் ஏறி, டி.ஜி.யை அறை வெப்பநிலைக்குக் கீழே இறக்கிவிடுகிறது. வெறும் வாணலியில் சூடு காட்டி ஈரத்தை விரட்டி ஆறவைத்தால் மறுபடி மொறுமொறுக்கும்.