உப்புச் செல்லை எங்கே பொருத்துவது?

அமெரிக்க, கனடா வீடுகளின் கொல்லைப்புறத்தில் நிற்கும் ‘ஹாட் டப்’ வெந்நீர்த் தொட்டியில் மாதக்கணக்கில் ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். 38, 40 டிகிரி சூடு கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அதனால் குளோரின் தூளை நாள் தவறாமல் அளந்து போட வேண்டும். அந்த வேலையைத் தொட்டியிடமே விட்டுவிடும் ஏற்பாடுதான் உப்புநீர் முறை. ‘உப்புத் தொட்டியில் குளோரினே கிடையாது’ என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். குளோரின் அங்கேயே தயாராகிறது, அவ்வளவுதான்.

தயாரிப்பது செல். டைட்டானியத் தகடுகள், மேலே ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடுப் பூச்சு. உப்பு நீரில் நேர்மின்னோட்டம் பாய்ந்தால் நேர்த் தகட்டில் குளோரின் உண்டாகி, தண்ணீரோடு சேர்ந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. எதிர்த் தகட்டில் ஹைட்ரஜன் கிளம்புகிறது. குளோரின் தன் வேலையை முடித்ததும் மீண்டும் குளோரைடாகிவிடுவதால் உப்பு தீர்வதில்லை. வெளியே தெறிக்கும் நீரோடு போவதுதான் இழப்பு.

ஒரு ஜோடித் தகட்டில் 1 ஆம்பியர் 1 மணி நேரம் ஓடினால் கணக்குப்படி 1.32 கிராம் குளோரின். 4 ஆம்பியருக்கு 5.3 கிராம். ஒருவர் ஒரு மணி நேரம் ஊறினால் சுமார் 9 கிராம் செலவாகும் என்பது நடைமுறைக் கணக்கு. இருவர் ஊறி எழுந்தால், அதை ஈடுகட்ட இந்த 4 ஆம்பியர் செல்லுக்குக் கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம் பிடிக்கும். இதே ஓட்டத்தில் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கும் அதிகமாக ஹைட்ரஜன் வரும். செல் உட்காரும் இடத்தை முடிவு செய்வது இந்த வாயுதான்.

தொட்டிக்குள் தொங்கவிடும் செல்லுக்குக் குழாயை வெட்ட வேண்டாம். ஆனால் ஒயர் விளிம்பில் ஏறி மூடிக்கு அடியில் நசுங்கும்; மூடி சரியாகப் படியாமல் சூடு வெளியேறும். ஒயரை மறைக்கத் தொட்டியின் சுவரில் துளை போடுவதைவிட மோசமான யோசனை வேறில்லை. ஒழுங்காகச் செய்வதென்றால் பக்கப் பலகையைக் கழற்றி, குழாய் வழியிலேயே செல்லைச் சேர்க்க வேண்டும்.

பம்ப், ஃபில்டர், ஹீட்டர் எல்லாம் தாண்டி, தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் கடைசி நீளம்தான் அதற்கு இடம். ஹீட்டருக்கு முன்னால் வைத்தால், அடர்ந்த குளோரின் ஹீட்டர் கம்பியை அரிக்கும்; ஹைட்ரஜன் அங்கே தேங்கினால் கம்பி நீரின்றிக் காயும். செல்லை நிமிர்த்தி, தண்ணீர் கீழிருந்து மேலே போகும்படி வைத்தால் குமிழி தங்காது. தண்ணீர் ஓடினால் மட்டும் செல்லுக்கு மின்சாரம் விடும் ஃப்ளோ ஸ்விட்ச் கட்டாயம். ஓட்டம் நின்றும் மின்சாரம் நிற்காவிட்டால் வாயு சேர்ந்து செல் வெடிக்கலாம்.

வெட்டுவதற்கு முன் குழாயின் வெளி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அமெரிக்க 2 அங்குலக் குழாய் 60.3 மி.மீ.; ஐரோப்பிய 50, 63 மி.மீ. பாகங்கள் அதில் சேராது. தண்ணீரை மெதுவாகச் சுற்றவிடும் சர்குலேஷன் பம்பின் முக்கால் அங்குல ஹோஸில் பெரிய செல்லைக் கோத்தால், ஓட்டம் போதாமல் ஃப்ளோ ஸ்விட்ச் மின்சாரமே விடாது. அப்போது தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் ஜெட் பம்பின் 2 அங்குல வழியே சரி. செல்லின் இரு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு), அதற்கு அப்பால் வால்வு. இந்த நான்கு பாகங்களில் கஞ்சத்தனம் பார்த்தால், பின்னால் ஒவ்வொரு முறை செல்லைக் கழற்றவும் தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருக்கும். முதலில் ஒட்டாமல் கோத்துப் பார்த்துக் கோடு போடுங்கள். பிறகு பிரைமர், மேலே ஒட்டும் சொல்யூஷன் தடவி, செருகிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் பிடித்திருங்கள். ஒரு நாள் கழித்துத் தண்ணீர் விட்டு, ஒழுகலைப் பார்த்த பிறகே பலகையை மூடலாம்.

மின்சாரத்துக்கு நல்ல இடம் ஓசோனேட்டரின் (ஓசோன் வாயுவால் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி) இணைப்பு. பெரும்பாலும் பம்ப் ஓடும்போதுதான் அதில் மின்சாரம் வரும் என்பதால் இரட்டைப் பாதுகாப்பு. ஓசோனேட்டரைக் கழற்றிவிடலாம், அது குளோரினையும் தின்கிறது. அந்த இணைப்பு 120 வோல்ட்டா 240 வோல்ட்டா என்பது தொட்டியின் கட்டுப்பாட்டு போர்டைப் பொறுத்து மாறும். மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்து, செல்லின் அடாப்டரோடு ஒத்துப்பாருங்கள். இந்த வேலை எலக்ட்ரீஷியனுடையது. கசிவுமின் தடுப்பான் இல்லாத இணைப்பில் தொடவே கூடாது.

பெரும்பாலான தொட்டிச் செல்கள் லிட்டருக்கு 2 கிராம் உப்பை ஒட்டி வேலை செய்யும். கடல் நீரில் 35 கிராம். 1,500 லிட்டருக்கு 3 கிலோ. முதலில் 2 கிலோ மட்டும் போட்டு, கரைந்ததும் அளந்து, மீதியைச் சேருங்கள். கூடிவிட்டால் தண்ணீரை இறைப்பதுதான் வழி. அயோடின் உப்பு வேண்டாம்; கட்டிபிடிக்காமல் இருக்க மருந்து கலந்த உப்பு கறை விடலாம். உப்பு கரையும் வரை செல் அணைந்திருக்கட்டும். முதல் நாள் குளோரினை ப்ளீச் ஊற்றியே 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) அளவுக்குக் கொண்டுவர வேண்டும். செல் அதைத் தக்கவைத்துக்கொள்ளும்.

பி.எச். ஏறிக்கொண்டே போவதற்குச் செல்லில் பிறக்கும் காரத்தைக் குறை சொல்வார்கள். குளோரின் செலவாகும்போது வரும் அமிலம் அதைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். உண்மையில் ஜெட் காற்றும் ஹைட்ரஜன் குமிழியும் கரியமில வாயுவைக் கிளப்பி வெளியேற்றுகின்றன. ஆகவே தண்ணீரில் கரைந்த பைகார்பனேட்டைக் காட்டும் காரத்தன்மை அளவை 50–60 பிபிஎம்மில் தாழ்த்தி வைத்தால் ஏற்றம் மந்தமாகும்.

கடின நீர் என்றால் எதிர்த் தகட்டில் சுண்ணாம்பு படியும். நல்ல கருவி சில மணிக்கொரு முறை மின் திசையை மாற்றி அதை உதிர்க்கும். மிஞ்சினால் செல்லைக் கழற்றி வினிகரில் ஊறவிடுங்கள். கம்பியால் சுரண்டினால் பூச்சு போய்விடும். பூச்சு போன தகட்டில் குளோரின் வராது.