ஆர்க்கெஸ்ட்ரேஷன்: கொள்கலன் நெறியாள்கை

கோயில் நோம்பிக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைக்கும் ஊர்களிலிருந்து சரவணம்பட்டிக்கு மென்பொருள் வேலைக்கு வருகிறவர்களுக்கு, ‘கன்டெய்னர் ஆர்க்கெஸ்ட்ரேஷன்’ என்பது முதலில் பாட்டுக் கச்சேரி போலத்தான் ஒலிக்கும். அது தவறும் அல்ல. பழைய கிரேக்க அரங்கில் குழுவினர் ஆடிப்பாடிய தரைக்கு ‘ஓர்கெஸ்ட்ரா’ என்று பெயர். ஆடுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் வாத்தியக்காரர்கள் அமரும் இடத்தையும், பிறகு அவர்களையுமே அது குறித்தது. எந்தக் கருவி எப்போது ஒலிப்பது என்று வகுப்பது ஆர்க்கெஸ்ட்ரேஷன் ஆயிற்று. கணினித் துறை அதைக் கடன் வாங்கிக்கொண்டது.

கணினியில் கன்டெய்னர் என்றால், ஒரு நிரலையும் அதற்குத் தேவையான துணை நிரல்களையும் ஒன்றாகக் கட்டிவைத்த பொதி. ‘கொள்கலன்’ என்ற சொல் இதற்கு நிலைத்துவிட்டது. 2013இல் டாக்கர் என்ற கொள்கலன் மென்பொருள் வந்தபின் இது பரவலாயிற்று. இரண்டு மூன்று கொள்கலன்களைக் கையால் இயக்கலாம். பல கணினிகள் சேர்ந்த கொத்தில் நூற்றுக்கணக்கானவை ஓடும்போது, எதை எங்கே வைப்பது, நின்றுபோனதை யார் எழுப்புவது? இதைத் தானாகவே கவனித்துக்கொள்வதுதான் ஆர்க்கெஸ்ட்ரேஷன்.

சோமனூர்ப் பக்கம் எந்தத் தறி காலியாக இருக்கிறது என்று பார்த்துப் பாவு ஏற்றுவதைப்போல, நினைவகமும் செயலித் திறனும் மிச்சமுள்ள கணினியைத் தேடிக் கொள்கலனை ஏற்றுவது வேலையின் ஒரு பாதி. மறுபாதிதான் முக்கியம். திருப்பூர்ப் பனியன் விற்கும் இணையக் கடைக்கு ‘மூன்று நகல்கள் ஓட வேண்டும்’ என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். அவற்றில் ஒன்றை நீங்களே அழித்துப் பாருங்கள்: சில நொடிகளில் வேறொரு பெயருடன் புதியது முளைத்திருக்கும். பழையது உயிர்த்தெழுவதில்லை. கேட்டது மூன்று, இருப்பது இரண்டு என்ற வேறுபாட்டைக் ‘கட்டுப்படுத்தி’ என்னும் ஒரு நிரல் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஒரு கணினியே முடங்கினால் இந்த வேகம் இராது. அது திரும்பி வரலாம் என்று, இயல்பான அமைப்பில் ஐந்து நிமிடம் பொறுத்த பிறகே அதிலிருந்தவற்றுக்கு மாற்று வேறிடத்தில் எழும். இது தெரியாமல் பதறுகிறவர்கள் உண்டு.

இவ்வேலையில் பெயர்பெற்ற மென்பொருள் குபர்நெட்டிஸ். கூகுள் தன் ‘போர்க்’ அமைப்பில் கற்றதை வைத்து 2014இல் திறமூலமாக, அதாவது யாரும் நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி, வெளியிட்டது. கிரேக்கத்தில் இப்பெயருக்குச் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். அதே வேர் லத்தீன் வழியாக ஆங்கிலம் போய்க் ‘கவர்னர்’ ஆயிற்று. அகநானூறு 255ஆம் பாட்டில் கலம் செலுத்துபவன் ‘நீகான்’, பின்னாளில் ‘மீகாமன்’. கொங்கில் கடல் இல்லைதான். ஆனாலும் வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் புதைந்து கிடந்த நாடு இது, கப்பல்காரன் நமக்கு அந்நியன் அல்லன். எனினும் குபர்நெட்டிஸ் ஒரு பொருளின் பெயர். அதை அப்படியே விடுவதே முறை.

ஆர்க்கெஸ்ட்ரேஷனுக்கு ‘ஒருங்கிணைப்பு’ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்கும் அதே சொல்தான். சொன்ன நிலையை விடாமல் காக்கும் பொருள் அதில் இல்லை. ஈழத்து நாடக மேடையில் இயக்கத்தைக் குறிக்கும் ‘நெறியாள்கை’ பொருந்தும். நெறி என்பது போகும் வழி. ஆள்கையில் அந்தச் சுக்கான்காரனும் கவர்னரும் இருக்கிறார்கள். ‘கொள்கலன் நெறியாள்கை’ என்றே எழுதலாம். குபர்நெட்டிஸில் ஒன்றோ பலவோ கொள்கலன்கள் ஒரே வலை முகவரியில் அடங்கும் மிகச்சிறு அலகான ‘பாட்’ என்பதற்கு, அவரை, துவரைக்குச் சொல்லும் ‘நெற்று’ என்ற சொல்லே போதும்.