பேட்டரியே இல்லையே, படம் எப்படி மறக்காமல் இருக்கிறது?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு திருக்கடையூர் போகிறார்கள். மாமனாருக்குச் சதாபிஷேகம். அப்படியே சிதம்பரம், தஞ்சாவூர், ராமேஸ்வரம் என்று 12 நாள் சுற்றல். மூன்று கைத்தொலைபேசி, ஒரு கேமரா. எப்படியும் ஐயாயிரம் படம் தேறும். "தினம் ராத்திரி படங்களை எதில் நகல் எடுத்து வைப்பது? தம்ப் டிரைவ் போதுமா, எஸ்எஸ்டி வாங்கணுமா, வீட்டில் கிடக்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கையே தூக்கிக்கொண்டு போகலாமா?" என்பது அவர் கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். "பையன் வேற ஒண்ணு கேக்குறான். அதுக்குள்ள பேட்டரியே இல்லையே, அப்புறம் படம் எப்படி மறக்காம இருக்கு?"

அம்மாவின் கேள்விக்குப் பத்து வரியில் பதில் சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரை பையனுக்கு.

ஹார்ட் டிஸ்க்கை முதலில் முடித்துவிடுவோம். உள்ளே சுழலும் தட்டு, அதன்மேல் காந்தப் பூச்சு. சின்னச் சின்னப் புள்ளிகளைக் காந்தமாக்கி 0, 1 என்று எழுதுகிறோம். காந்தத்துக்கு பேட்டரி வேண்டாம் என்பது குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பொம்மையைப் பார்த்தாலே தெரியும். ஒரே தொல்லை, எழுதும் முனை தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் கதை முடிந்தது.

தம்ப் டிரைவ் விஷயம் வேறு. இந்தப் பெயரில் நமக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடந்த சீபிட் கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தியது டிரெக் 2000 என்ற சிங்கப்பூர் நிறுவனம். கொள்ளளவு 8 மெகாபைட். இன்றைய கேமரா ஒன்றின் முழுத்தர ரா படம் ஒன்றுகூட அதில் அடங்காது. முதலில் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று இஸ்ரேலிலும் சீனாவிலும் நிறுவனங்கள் சொல்லின, வழக்குகளும் நடந்தன. எது எப்படியோ, தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களுக்கு அது பென் டிரைவ், நமக்குத் தம்ப் டிரைவ்.

அதற்குள் என்ன இருக்கிறது? தம்ப் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி, கைத்தொலைபேசி எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே சரக்கு: ஃபிளாஷ் மெமரி. அதன் அடிப்படை உறுப்பை 1967-ல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சீ என்ற இருவர் உருவாக்கினார்கள். அது குவே லாப்பிஸ் என்கிற அடுக்குப் பலகாரம் மாதிரி. கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பாருங்கள். அடியில் சிலிக்கான். அதன்மேல் மெல்லிய கண்ணாடி, அதாவது சிலிக்கான் டை ஆக்சைடு. அதன்மேல் மின்சாரம் பாயக்கூடிய ஒரு சின்னத் தகடு. மறுபடி ஒரு மின்காப்பு அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே கட்டுப்படுத்தும் முனை. நடுவில் இருக்கும் தகட்டுக்கு எந்தக் கம்பியும் போகவில்லை. மேலும் கீழும் சுற்றிலும் மின்காப்பு. அந்தரத்தில் தொங்குகிறது. இந்த அமைப்பு மொத்தமும் சேர்ந்து ஓர் அறை. அதற்குள் எலக்ட்ரான்களை அடைத்துவிட்டால் ஒரு நிலை, அடைக்காவிட்டால் இன்னொரு நிலை. படிப்பதும் சுலபம். உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களின் எதிர்மின்சுமை கீழே சிலிக்கானில் மின்சாரம் பாய்வதைத் தடுக்கும். பாய்கிறதா, தயங்குகிறதா என்று பார்த்தால் போதும். உள்ளே இருப்பவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

சரி, கம்பியே போகாத தகட்டுக்குள் எலக்ட்ரான் போனது எப்படி? கதவே இல்லாத வீட்டுக்குள் ஆள் எப்படி நுழைந்தான்?

பள்ளிக்கூட இயற்பியல்படி அது நுழைய முடியாது. அந்தக் கண்ணாடிச் சுவரைத் தாண்ட எலக்ட்ரானுக்கு 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல் ஆற்றல் வேண்டும். அறை வெப்பத்தில் அதன் கையில் இருப்பது சுமார் 0.025. எவரெஸ்ட் ஏறப் புறப்பட்டவன் புக்கித் தீமா குன்றில் பாதி உயரத்திலேயே நின்றுவிடுகிற மாதிரி. ஆனால் எலக்ட்ரான் வெறும் கோலிக்குண்டு அல்ல, அது அலையும்தான். அலைக்குச் சுவர் என்றால் சட்டென்று நின்றுவிடத் தெரியாது. பக்கத்து வீட்டில் கராவோக்கே பாடுகிறார்கள். பாடுபவர் நம் வீட்டுக்குள் வருவதில்லை, பாட்டு வந்துவிடுகிறது. சுவர் தடிமனாக ஆக ஓசை தேய்ந்துகொண்டே போகும், ஆனால் முழுதாகப் பூஜ்யம் ஆகாது. எலக்ட்ரானின் அலையும் அப்படித்தான் சுவருக்குள் தேய்ந்தபடி நீள்கிறது. சுவர் மெல்லியதாக இருந்தால் மறுபக்கமும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். ஓர் இடத்தில் இந்த உவமை உதைக்கிறது: பாட்டில் ஒரு பங்குதான் இந்தப் பக்கம் வருகிறது, எலக்ட்ரானோ பங்கு பிரிவதில்லை. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் வராது. அலை எந்த அளவு நீண்டிருக்கிறதோ, அதுதான் அது வந்து சேர்வதற்கான வாய்ப்பு. இதைத்தான் டனலிங் என்கிறார்கள். சுவரில் ஓட்டையும் விழவில்லை, சுவர் ஏறிக் குதிக்கவும் இல்லை. ஆனாலும் ஆள் அந்தப் பக்கம் இருக்கிறான்.

தம்ப் டிரைவில் அந்தக் கண்ணாடிச் சுவரின் தடிமன் சுமார் 8 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சும்மா இருக்கும்போது இந்தத் தடிமன் எலக்ட்ரானுக்குப் பெரிய கோட்டைதான், வருடக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தாலும் தாண்டாது. எழுதும்போது மேல் முனையில் ஏறக்குறைய 20 வோல்ட் கொடுக்கிறார்கள். 20 வோல்ட் என்ன பெரிய மின்சாரம் என்று தோன்றும். அதில் பாதி விழும் தூரத்தைப் பாருங்கள், வெறும் 8 நானோமீட்டர். கணக்குப் போட்டால் சென்டிமீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கு மேல் வருகிறது. காற்றில் தீப்பொறி பறக்க சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் போதும்.

அவ்வளவு வலுவான மின்புலம் சுவரை உடைப்பதில்லை, சாய்க்கிறது. செங்குத்தாக நின்ற சுவர் ஆப்பு மாதிரி முக்கோணமாகிவிடுகிறது. உச்சி அதே உயரம்தான். ஆனால் எலக்ட்ரான் நிற்கிற மட்டத்தில் 8 நானோமீட்டராக இருந்த தடிமன் இரண்டு, மூன்றாகக் குறைந்துவிடுகிறது. தடிமன் பாதியானால் வாய்ப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, கோடி கோடி மடங்கு எகிறுகிறது. எலக்ட்ரான்கள் உள்ளே பாய்கின்றன. மின்சாரத்தை நிறுத்தியதும் சுவர் மறுபடி நிமிர்ந்து தடித்துக்கொள்ளும். உள்ளே போனவர்கள் உள்ளேயே. தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். பேட்டரி தேவைப்படுவது உள்ளே தள்ளவும், வெளியேற்றவும், படிக்கவும்தான். அடைத்து வைக்கத் தேவையில்லை.

இன்னொரு அழகு: யுஎஸ்பி துளையிலிருந்து வருவது 5 வோல்ட்தான், 20 எங்கிருந்து வந்தது? சில்லுக்குள் சார்ஜ் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. மின்தேக்கிகளை வரிசையாக வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மின்சுமையைக் கைமாற்றி, படிப்படியாக மேலே தூக்குகிறது. தாத்தா காலத்து ஏற்றத்தை நாலு அடுக்காகப் போட்டு இறைத்த மாதிரி.

சாய்ந்த சுவரின் கணக்கை 1928-ல் எழுதியவர்கள் ரால்ஃப் ஃபௌலர், லோதார் நார்தைம். குளிர்ந்த உலோகத்திலிருந்து வலுவான மின்புலம் எலக்ட்ரான்களை எப்படி உருவுகிறது என்பதுதான் அவர்களுக்கு இருந்த புதிர். இரண்டு வருடம் கழித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயதுப் பையன் ஒருவன் இதே ஃபௌலரிடம் ஆராய்ச்சி செய்ய பம்பாயில் கப்பலேறினான். போகிற வழியில் ஃபௌலரின் வேறொரு கட்டுரையை வைத்துக்கொண்டு, வெண்குறு விண்மீன்களை, அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்களைப் பற்றி ஒரு கணக்குப் போட்டான். சந்திரசேகர் வரம்பு என்று உலகம் சொல்வது அதைத்தான். இப்போது ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதினால் 'இதனால் விளையும் பொருளாதாரப் பயன்' என்று ஒரு கட்டம் இருக்கும். 1928-ல் ஃபௌலர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்? நம் ஊரில் 2021 முதல் 2025 வரையிலான ஆராய்ச்சித் திட்டத்துக்கு 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள், குறை சொல்ல வரவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுபவர்களுக்கும் அதில் ஒரு பங்கு போக வேண்டும் என்பது என் கட்சி.

அழிப்பது எழுதுவதைத் திருப்பிப் போடுவதுதான். கீழே சிலிக்கானுக்கு 20 வோல்ட் கொடுத்தால் எலக்ட்ரான்கள் வந்த வழியே வெளியே பாய்கின்றன. தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோக்கா, ஒவ்வோர் அறையாக அழிக்காமல் ஒரு பேட்டையையே ஒரே அடியில் காலி செய்யும் அமைப்பை உருவாக்கி 1984-ல் அறிவித்தார். பெயர் வைத்தது உடன் வேலை பார்த்த ஷோஜி அரிஸுமி. பளிச்சென்று எல்லாம் அழிவது கேமரா ஃபிளாஷை நினைவூட்டியதாம். கேமராப் படங்களைக் காக்கும் பொருளுக்குக் கேமராவிலிருந்தே பெயர். மசுவோக்கா பின்னால் உரிய பங்கு கேட்டு முன்னாள் முதலாளி மீது வழக்குப் போட்டு, 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசமானார். இந்தப் பொருள் உலகம் முழுக்க விற்ற விற்பனைக்கு அது கோயில் உண்டியலில் போட்ட சில்லறை.

இப்போது அறைகளை மாடி மாடியாக அடுக்குகிறார்கள். 2022-ல் மைக்ரான் நிறுவனம் 232 அடுக்குச் சில்லைத் தயாரிக்கத் தொடங்கியது இதே சிங்கப்பூரில்தான். தகட்டுக்குப் பதில் சிலிக்கான் நைட்ரைடு என்ற மின்காப்புப் பொருளைப் பயன்படுத்துவதும் பரவலாகிவிட்டது. தகடு என்பது குடம், ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தால் மொத்தமும் ஒழுகும். நைட்ரைடு பஞ்சு, ஓட்டைக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் போகும்.

ஆம், ஒழுகும். எந்த வழியில் உள்ளே போனதோ, அதே வழி திரும்பி வரவும் இருக்கிறது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் கண்ணாடியில் நுண்ணிய பழுதுகள் விழுகின்றன. ஆற்றில் கிடக்கும் கல் மாதிரி, எலக்ட்ரான் அவற்றில் கால் வைத்துக் கால் வைத்து வெளியேறுகிறது. வெப்பம் இதை விரைவுபடுத்தும். மலிவான சில்லுகளில் ஓர் அறைக்குள் இரண்டு நிலை இல்லை, 16 நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒரு அறைக்குச் சில நூறு எலக்ட்ரான்தான் என்கிறபோது பத்து, இருபது நழுவினாலே குழப்பம். வீட்டு உபயோக எஸ்எஸ்டி, அதன் எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த பிறகும், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடமாவது தாங்க வேண்டும் என்பது துறையின் தரவிதி. புதியது இதைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனாலும் 30 டிகிரி என்பது நம் ஊரில் சாதாரண அறை வெப்பம் என்பதை மறக்க வேண்டாம்.

இனி அம்மாவுக்கு. பழைய ஹார்ட் டிஸ்க் வீட்டிலேயே இருக்கட்டும், கும்பகோணம் சாலைக்கு அது தோதில்லை. 1 டெராபைட் எஸ்எஸ்டி ஒன்று, நல்ல தம்ப் டிரைவ் ஒன்று. தினம் ராத்திரி இரண்டிலும் நகல். ஒன்று உங்கள் கைப்பையில், மற்றது கணவர் பையில். ஊர் திரும்பும் வரை கேமரா கார்டை அழிக்காதீர்கள், இன்னொரு கார்டு வாங்குவது மலிவு. வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்காதீர்கள். விமான நிலைய எக்ஸ்ரேயில் படம் அழிந்துவிடும் என்று யாராவது பெரியவர் சொல்வார். அது ஃபிலிம் காலத்துப் பயம், ஃபிலிமுக்கு இன்றைக்கும் நியாயமான பயம். மெமரி கார்டை அசைக்க அந்த எக்ஸ்ரே போதாது. பூசை போட்டுப் பொட்டு வைப்பதென்றால் தாராளமாக வையுங்கள், சந்தனம் யுஎஸ்பி வாய்க்குள் போகாமல் இருந்தால் சரி.

விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், நான் ஏமாந்திருக்கிறேன். 2 டெராபைட், 25 வெள்ளி என்று ஒரு கடையில் வாங்கிக்கொண்டு கன்னியாகுமரி போனேன். தினமும் நகல் எடுத்தேன், எல்லாக் கோப்புப் பெயரும் வரிசையாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் முதல் இரண்டு நாள் படங்கள் இருக்கின்றன, சூரிய உதயம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். உள்ளே உண்மையில் இருந்தது 64 கிகாபைட். பெயர்ப் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில் பத்திரமாக இருந்தது. மிச்சத்தை எல்லாம் வாங்கிக்கொண்டதாக உள்ளிருந்த கட்டுப்பாட்டுச் சில்லு பொய் சொல்லியிருக்கிறது. அதனால் புதிதாக வாங்கியதும் ஒருமுறை முழுக்க நிரப்பி, வேறு வேறு இடத்தில் நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஊர் திரும்பியதும் படங்களைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். எஸ்எஸ்டியை அலமாரியில் போட்டு மறக்காமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது செருகிப் படங்களைத் திறந்து பாருங்கள்.

இவ்வளவும் எழுதி அனுப்பிய பிறகு பையனிடமிருந்து அடுத்த கேள்வி வந்தது. "அங்கிள், அப்போ படம் போட்டா தம்ப் டிரைவ் எடை கூடுமா?" எலக்ட்ரான்கள் வெளியிலிருந்து வருவதில்லை தம்பி, கீழ்த்தளத்தில் இருந்தவை மாடிக்குப் போகின்றன, அவ்வளவுதான். வெளியிலிருந்தே வந்ததாக வைத்துக்கொண்டாலும், 1 டெராபைட் நிறைய அடைத்தாலும், தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவுதான் வருகிறது. பெட்டி எடையைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம் என்று சொல்.