நிடோ டப்பாவில் இருந்த 220 தினார்

2025 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. என் பணமாற்றுக் கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்தி வைப்பதற்குள் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மஞ்சப்பையோடு வந்து நின்றார். பைக்குள் பழைய நிடோ பால்மாவு டப்பா, அதற்குள் கைக்குட்டையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட பதினோரு குவைத் நோட்டுகள். எல்லாமே 20 தினார். வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவராக இருந்தவர், இறந்து போய்விட்டார். டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம்.

எப்போது கிடைத்தது என்று கேட்டேன். 2022 என்றார்.

எனக்கு வயிறு பகீரென்றது. அவை ஐந்தாவது சீரிஸ் நோட்டுகள், அதாவது பழைய டிசைன். 2014இல் குவைத்தில் புது சீரிஸ் வந்த பிறகு, 2015இல் பழையதைத் திரும்பப் பெற ஆரம்பித்தார்கள். குவைத் மத்திய வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளப் பத்து வருஷம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த அவகாசம் 2025 ஏப்ரல் 18ஆம் தேதியோடு முடிந்தது. அந்த அம்மா வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. 220 தினார், அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். அவருடைய தம்பி மகன் இன்றைக்கும் குவைத்தில்தான் வேலை செய்கிறான், இடையில் இரண்டு தடவை லீவில் வந்து போயிருக்கிறான். அவன் கையில் கொடுத்தனுப்பியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

ஏன் கொடுக்கவில்லை? பக்கத்து வீட்டுப் பையன் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான். பழைய வெளிநாட்டு நோட்டு வைத்திருக்கிறீர்களா, மாற்றிவிடாதீர்கள், வருஷம் ஆக ஆக லட்சக்கணக்கில் போகும் என்று அதில் ஒருவர் சொன்னாராம். அதை நம்பி மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

22 வருஷமாகத் திருச்சியில் பணமாற்றுக் கடை நடத்துகிறேன். இந்த மாதிரி எத்தனை பேருக்குத்தான் "முடிஞ்சு போச்சும்மா" என்று சொல்வது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் கோபமாகவே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "பழசு என்றால் லட்சம்" கதை. நோட்டின் வயசுக்கும் விலைக்கும் நேரடியாக எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபோது அச்சடித்த டாலர் நோட்டு இங்கே பல வீடுகளில் இருக்கிறது, பத்து டாலர் நோட்டில் வாழைமரம் போட்டிருக்கும். மலாயாவுக்குப் போய்வந்த தாத்தாவின் பெட்டியில் கட்டாகக்கூட இருக்கும். எண்பது வருஷத்துக்கு மேலான நோட்டு. ஆனால் கணக்கு வழக்கில்லாமல் அடித்துத் தள்ளினார்கள், பாதி நோட்டில் வரிசை எண்கூடக் கிடையாது, போர் முடிந்ததும் ஒரே நாளில் வெறும் காகிதமாகிப் போனது. உலகம் முழுக்க இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அதனால் சாதாரண நோட்டுக்குச் சேகரிப்பாளர் கொடுப்பது சொற்பம். இன்னொரு பக்கம் ஜிம்பாப்வே 2009இல் வெளியிட்ட நூறு டிரில்லியன் டாலர் நோட்டைப் பாருங்கள். அதற்கு அந்த வயசே இல்லை, கடையில் செல்லாது, ஆனாலும் சேகரிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், நோட்டு எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றுதான் விலை. மடிப்பே விழாத நோட்டும், பர்ஸில் நாலாக மடித்து வைத்த அதே நோட்டும் ஒரே விலைக்குப் போகாது. இணையத்தில் ஒருவர் ஐந்து லட்சம் என்று போட்டிருந்தால், அது அவர் கேட்கிற விலை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பதைப் பாருங்கள். 786 என்று எண் முடிந்தால் லட்சம் என்பதும் இதே கதைதான்.

இதிலேயே இன்னொரு மோசடி ஓடுகிறது. உங்கள் நோட்டை லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம், முதலில் ஜிஎஸ்டி கட்டுங்கள், கமிஷன் கட்டுங்கள் என்று போன் வரும், ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம்கூட வாட்ஸ்அப்பில் வரும். ரிசர்வ் வங்கி அப்படி எதையும் செய்வதில்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை என்று 2021 ஆகஸ்டிலேயே பகிரங்கமாக எச்சரித்துவிட்டது. பொருளை வாங்குகிறவன்தான் காசு கொடுக்கவேண்டும், விற்கிறவரிடம் முன்பணம் கேட்டால் போனை வையுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் அடியுங்கள்.

சரி, இதற்கு நேர் எதிரான தப்பையும் பார்க்கிறேன். போன வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், பறவைப் படம் போட்ட சிங்கப்பூர் 50 டாலர் நோட்டு நான்கைக் கொண்டுவந்தார். தாத்தா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இரண்டு கவுண்டரில் "செல்லாது" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், வீட்டில் குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாம் என்றிருந்தார்கள். அது சரியான பதில் இல்லை. எங்கள் தொழிலில் வாங்கிய நோட்டை மறுபடி விற்றாகவேண்டும், பயணம் போகிற வாடிக்கையாளர் பழைய டிசைனைத் தொடமாட்டார், அதனால் நாங்கள் எடுப்பதில்லை. "நாங்கள் எடுக்கமாட்டோம்" என்பது வேறு, "செல்லாது" என்பது வேறு. கவுண்டரில் இருக்கிற பையன்கள் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள், அது எங்கள் தரப்புத் தப்பு. சிங்கப்பூரில் ஆர்க்கிட், பறவை, கப்பல் சீரிஸ் எல்லாமே இன்றும் செல்லும். அந்தத் தம்பியின் அத்தை மகன் அங்கே இருக்கிறார், அவரிடம் கொடுத்து 200 டாலரும் முழுசாக வந்தது.

இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. அமெரிக்க டாலரில் சின்னத் தலை போட்ட பழைய நோட்டும் செல்லும், இங்கே சிலர் ரேட் குறைப்பார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தின் காகித பவுண்டு நோட்டு கடையில் செல்லாது, 20, 50 பவுண்டு காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30உடன் நின்றன. ஆனால் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் பழைய நோட்டை எத்தனை வருஷம் கழித்தும் மாற்றித் தரும். ஜெர்மன் மார்க்குக்கும் காலக்கெடு இல்லை, 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ, இன்றைக்கும். அதே நேரம் பிரெஞ்சு பிராங்க் 2012 பிப்ரவரியோடு, இத்தாலிய லிரா 2011 டிசம்பரோடு முடிந்தது. மலேசியாவின் 500, 1000 ரிங்கிட் 1999 ஜூலையிலிருந்து செல்லாது. சதாம் படம் போட்ட இராக் தினாருக்கு 2004 ஜனவரிதான் கடைசி. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களில் 50, 100 கியாட் நோட்டு வைத்திருப்பார்கள். 1964 மே மாதம் ஒரே உத்தரவில் அவற்றைச் செல்லாததாக்கினார்கள், பாடுபட்டுச் சேர்த்ததை அப்படிப் பறிகொடுத்துக் கப்பலேறிய பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த நோட்டைக் குடும்ப நினைவாக வையுங்கள், காசாக நினைக்காதீர்கள்.

பூஜ்ஜியத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். துருக்கி 2005இல் ஆறு பூஜ்ஜியத்தை வெட்டியது, பத்து லட்சம் லிரா ஒரே ஒரு புது லிரா ஆனது, அதை மாற்றும் காலமும் 2015உடன் போனது. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் அவசரத்துக்கு விற்கிறேன் என்று அந்த நோட்டை நீட்டி ஐயாயிரம் வாங்கிப்போன கதையைக் கேட்டு நொந்திருக்கிறேன்.

நோட்டு கிடைத்த அன்றைக்கே செய்யவேண்டியது என்ன? தயவுசெய்து அதை ஒன்றும் செய்யாதீர்கள். கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அதைப் பிரித்தால் நோட்டின் தோலே உரிந்து வரும். நம்ம ஊரில் இன்னொன்று, முதல் சம்பளத்து வெளிநாட்டு நோட்டைப் பூஜை அறையில் வைத்து மஞ்சள் குங்குமம் தடவுவது. பக்தி புரிகிறது, ஆனால் கறை பட்ட நோட்டை எந்த நாட்டுக் கவுண்டரிலும் தயங்கித்தான் எடுப்பார்கள், பொட்டைக் கவரின் மேல் வையுங்கள். பின் குத்தாமல், மடிக்காமல் தட்டையாக வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்த நாடு, எந்த வங்கி வெளியிட்டது, எந்த வருஷம் என்று பாருங்கள், அந்த நாட்டு மத்திய வங்கியின் இணையப் பக்கத்தில் எந்த சீரிஸ் செல்லும், கடைசித் தேதி என்ன என்று போட்டிருப்பார்கள். பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை. கெடு இருக்கிறது என்று தெரிந்தால் அந்த நாட்டுக்குப் போகிற சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்புங்கள், தபால் கவரில் வைத்து அனுப்பாதீர்கள்.

இங்கேயே மாற்றக்கூடிய நோட்டு என்றால் ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள இடத்துக்கு மட்டும் போங்கள், உரிமம் சுவரில் மாட்டியிருக்கும். ஆதாரோ பாஸ்போர்ட்டோ கேட்பார்கள், கேட்காத இடத்தில்தான் சந்தேகப்படவேண்டும். இங்கே வசிப்பவருக்கு 1,000 டாலர் மதிப்பு வரை கடைக்காரர் ரூபாயை ரொக்கமாகக் கொடுக்கலாம், அதற்கு மேல் கணக்கில்தான் வரும். வெளிநாடு போய்த் திரும்பியவர் மிச்சப் பணத்தை 180 நாளுக்குள் மாற்றவேண்டும், 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம். மாற்றியதும் ரசீதைக் கேட்டு வாங்கிவிட்டு நகருங்கள். ரேட், நோட்டு எண்ணிக்கை, மொத்தத் தொகை மூன்றும் அதில் இருக்கவேண்டும். ரசீது வேண்டாம் என்றால் பத்து பைசா கூடுதலாகத் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.