சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு 4

“அக்காவுக்கு டிப்ரெஷன். மாத்திரையோடு சிபிடிக்கும் போகச் சொல்கிறார் டாக்டர். பேசினால் சரியாகுமா?” என்று மன்னார்குடி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

சிபிடி என்பது எண்ணங்களையும் செயல்களையும் மாற்றப் பழக்கும் மனநல சிகிச்சை. பேச்சு அதில் பாதி, மீதி வீட்டுப்பாடம். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை இது. வாரம் ஒருமுறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள். எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் பகுதி பலருக்கும் தெரிந்ததே. எனக்குப் பிடித்தது செயல் அட்டவணை, அதாவது என்ன செய்வது என்று நேரம் குறித்து எழுதி, அதன்படி செய்து பார்ப்பது.

டிப்ரெஷனில் இருப்பவர் கல்யாணம், காதுகுத்துக்குப் போகமாட்டார். போகாததால் அப்போதைக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் போகவிடாது. மனசுக்கு இதமாக எதுவும் நடக்கும் வாய்ப்பே வற்றிப்போகும், சோர்வு ஏறும். ‘மனசு சரியானதும் போறேன்’ என்று இருந்தால் இந்தச் சுழல் அறாது. அதனால் செயலை முதலில் தொடங்குகிறார்கள்.

ஒரு நோட்டு போதும். மணிக்கு ஒரு வரி: என்ன செய்தார், மனநிலை 0 முதல் 10க்குள் எத்தனை. ‘நாள் பூரா ஒரே மாதிரிதான்’ என்றவரின் நோட்டில் 1, 1, 2 என்று போய் திடீரென ஒரு 4 நிற்கும். சாயங்காலம் ஐந்து மணி, திண்ணையில் பூ கட்டிய நேரம். அவர் பொய் சொல்லவில்லை. டிப்ரெஷனில் நினைவுகள் தனித்தனியாக வராமல் மொத்தமாகத் திரண்டு வரும்; 1980களிலேயே உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் இதைக் காட்டினார். படுக்கப்போகும்போது சேர்த்து எழுதினால் எல்லா வரியிலும் 1தான் விழும். அந்தந்த மணிக்கே எழுத வேண்டும்.

அடுத்து, செய்வதற்கு முன்பே ஓர் ஊகம். ‘மதகு வரை நடந்தால் 1’ என்று எழுதியவர் திரும்பி வந்து 3 போடுவார். தன் ஊகம் தவறியதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கிறார். எந்த ஆலோசகரின் வாதத்துக்கும் அந்த வலு வராது.

திட்டம் கெடுவது பெரும்பாலும் அளவில்தான். ‘நாளையிலிருந்து நடவைப் பார்த்துக்கிறேன்’ என்பது முதல் நாளே முறியும். காலை 7 மணி, செருப்பு மாட்டி, 10 நிமிடம். முடியவில்லையென்றால் 5.

கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு, மனநலப் படிப்பே இல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6 முதல் 8 அமர்வுகளில் இதைச் செய்ய வைத்தது. கடுமையான டிப்ரெஷனிலும் பலன் தெரிந்தது என 2017இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆராய்ச்சிப் பணம் முதலில் இந்த மாதிரிப் பயிற்சிக்குத்தான் வர வேண்டும், திருவாரூர், நாகை கிராமங்கள் வரைக்கும்.

சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் நோட்டோடு நிற்கக்கூடாது. உடனே 14416க்குக் கூப்பிட வேண்டும்; அது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். செய்வினை என்று மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்குப் போகட்டும், மாத்திரையும் நோட்டும் கூடவே போகட்டும். பிரகாரம் சுற்றி வந்ததும் அதற்கும் ஓர் எண் போடலாம்.