முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை: காப்பீட்டு அட்டை இருந்தும் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

மூட்டுத் தேய்மானத்தால் நடமாட்டம் முடங்கியவர்களுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக 2009இல் தொடங்கியது, 2012இல் பெயர் மாறியது, 2018இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பின்னணி இவ்வளவு போதும். இந்தச் சிகிச்சையைக் கோட்டைவிட்ட குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் பலருக்குத் தகுதி இருந்தது. ஏதோ ஒரு தாளில் பெயர் பொருந்தவில்லை, அல்லது யாரோ பயமுறுத்தியதில் முன்பணம் கட்டிவிட்டார்கள்.

முதல் கண்ணி வருமானச் சான்று. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022க்கு முன்பு இது 72,000. பழைய தொகையையே சொல்லித் திருப்பி அனுப்பும் மேசைகள் இன்னும் இருக்கின்றன. அப்படிச் சொன்னால் எழுந்து வராதீர்கள், புதிய வரம்பைச் சொல்லிக் கேளுங்கள். இதைவிடப் பெரிய சிக்கல், "குடும்பம்" என்று யாரைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது. குடும்ப அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் குடும்பம். கணவரை இழந்த தாய் இளைய மகன் வீட்டில் இருப்பார். பெயர் மூத்த மகனின் அட்டையில் கிடக்கும். மூத்தவருக்கு மாதம் பதினைந்தாயிரம் சம்பளம் என்றால் வரம்பு தாண்டிவிட்டது. கையில் ஒரு பைசா வருமானம் இல்லாத அம்மாவுக்கு அத்துடன் கதவு அடைபடுகிறது. அவர் உண்மையில் யாருடன் வாழ்கிறாரோ அந்த அட்டைக்குப் பெயரை மாற்றிவிட்டு, பிறகு சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பெயர் மாற்றத்துக்கு நாள் பிடிக்கும். மருத்துவர் "மூட்டு மாற்ற வேண்டியிருக்கும்" என்று முதல்முறை சொல்லும் அன்றே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

அடுத்தது எழுத்து. ஆதாரில் லட்சுமி, குடும்ப அட்டையில் லெட்சுமி. ஒன்றில் தந்தை பெயரின் முதலெழுத்து, மற்றொன்றில் கணவர் பெயரின் முதலெழுத்து. வயது ஒன்றில் 58, இன்னொன்றில் 63. பார்க்கிறவருக்கு ஒரே ஆள் என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் "கணினி ஏற்கவில்லை" என்பார். அந்த நேரத்தில் வாதாடிப் பயன் இல்லை. எந்த ஆவணத்தில் பிழையோ அதை முன்கூட்டியே இ-சேவை மையத்தில் திருத்திவிடுங்கள்.

அட்டை பதிவு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் நடக்கும். முழங்கால் மடங்காத ஒருவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதங்களையும் வைத்து வைத்து இறங்குவதை அங்கே பார்த்திருக்கிறேன். மேலே அவரிடம் சொன்னது: "நாளைக்கு வாங்கம்மா, சர்வர் வேலை செய்யல." நோயாளியை அழைத்துப் போவதற்கு முன் வேறு யாராவது போய், யார் நேரில் வர வேண்டும், எந்த நாளில் பதிவு நடக்கிறது, என்னென்ன அசல் வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். பழைய அட்டை தொலைந்திருந்தால் புதிதாக எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து, உங்கள் குடும்பம் ஏற்கெனவே பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி மருத்துவமனை. வாசலில் திட்டத்தின் பலகை தொங்குகிறது என்பதால் எல்லாச் சிகிச்சைக்கும் அங்கே அனுமதி என்று பொருள் இல்லை. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி அங்கீகாரம். இதயத்துக்கு இருக்கும், எலும்புக்கு இருக்காது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கும். "முழங்கால் மாற்று சிகிச்சைக்கு இங்கே காப்பீட்டில் அனுமதி இருக்கிறதா?" என்று அதே சொற்களில் கேளுங்கள். "கார்டு எடுப்பீங்களா?" என்று கேட்டால் "எடுப்போம்" என்று பதில் வரும், படுக்கையில் சேர்த்த பிறகு வேறு பேச்சு வரும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதே அட்டையில்தான் மூட்டு மாற்றுகிறார்கள். காத்திருப்பு நீளம் என்றாலும் முதலில் அங்கே போய்ப் பதிவு செய்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: காப்பீட்டு நிறுவனத்தின் முன் ஒப்புதல் வருவதற்கு முன் பணம் கட்டி அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதீர்கள். இது மருத்துவமனைக்கே தொகை போகும் திட்டம். கையிலிருந்து கட்டியதைப் பிறகு மீட்பது பெரும்பாடு. முழங்கால் தேய்மானம் உயிர் போகும் அவசரம் அல்ல; "நாளைக்கே செய்யணும், ஒப்புதல் பிறகு வரும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். ஒப்புதல் தாமதமாகப் பெரும்பாலும் எளிய காரணம்தான் இருக்கும்: எக்ஸ்ரே படுத்த நிலையில் எடுக்கப்பட்டிருக்கும். எடை தாங்கி நிற்கும் நிலையில் எடுத்தால்தான் மூட்டு இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும், சொத்தைப் பல்லிலோ சிறுநீரிலோ கிருமித் தொற்று இருந்தாலும் மருத்துவர்களே தள்ளிப்போடுவார்கள். அது நியாயமான காரணம், அலைக்கழிப்பு அல்ல. இவற்றை முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒப்புதலில் வலது காலா, இடது காலா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

ஒப்புதல் வந்த பிறகும் "இது சாதாரண மூட்டு, நல்லது வேண்டுமென்றால் வித்தியாசத் தொகை கட்டுங்கள்" என்பார்கள். அனுமதித்த சிகிச்சைக்கான தொகையில் மூட்டு உபகரணமும் அடக்கம். எழுத்தில் கேளுங்கள், ரசீது கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் மேலே சொன்ன எண்ணில் புகார் கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிவிட்டு வாருங்கள்.

வருமான வரம்பைத் தாண்டி, சொந்தப் பணத்தில் செய்கிறவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மூட்டு உபகரணங்களுக்கு உச்ச விலை வைத்தது. பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. உபகரணத்தின் விலையையும் நிறுவனத்தின் பெயரையும் ரசீதில் தனியாகக் காட்ட வேண்டும். "பேக்கேஜ்" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இன்றைய உச்ச விலையை ஆணையத்தின் 1800 111 255 எண்ணில் கேட்கலாம்.

வீடு திரும்பும் நாளில் பல தாள்களில் கையெழுத்து வாங்குவார்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், கைநாட்டும் வைக்காதீர்கள். உபகரணப் பெட்டியில் வரும் வரிசை எண் ஸ்டிக்கர் ஒன்றை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் கழித்து மூட்டைத் திரும்ப மாற்ற நேர்ந்தால் எந்த வகை பொருத்தப்பட்டிருக்கிறது என்று அதை வைத்துத்தான் தெரியும். இயன்முறைப் பயிற்சியை எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். அதை விட்டுவிட்டால் புது மூட்டும் மடங்காமல் இறுகிவிடும்.