ஒப்புரவு

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று, போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல் நெற்றியில் விழுவதற்குச் சற்று முன், இரண்டாம் வாசகத்தில் ஒரு வரி வரும்: “கடவுளோடு ஒப்புரவாகுங்கள்.” கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் திருமுகம், 5:20. கன்னியாகுமரி மாவட்டத்தில் கத்தோலிக்கர் தவக்காலம் என்பதைச் சீர்திருத்த சபையினர் லெந்து நாட்கள் என்பார்கள். சாம்பலைக்கூட நாங்கள் திருநீறு என்கிறோம். ஆனால் அவர்களுடைய பழைய மொழிபெயர்ப்பிலும் இதே சொல்தான்: “தேவனோடே ஒப்புரவாகுங்கள்.”

ஒப்பு என்றால் ஒத்திருத்தல், சமம். அதிலிருந்து வந்தது ஒப்புரவு. உறவு என்று நினைத்துச் சிலர் ‘ஒப்புறவு’ என்று எழுதிவிடுகிறார்கள். இடையின ரகரமே சரி. குறளின் 22ஆவது அதிகாரத்துக்கு ‘ஒப்புரவறிதல்’ என்று பெயர். அங்கே கடவுளோடு சேர்வது பற்றிய பேச்சு இல்லை. ஊருணியில் நிறைந்த நீர் போல, ஊருக்குள் பழுத்த மரம் போல, நம்மிடம் இருப்பது ஊருக்கு உதவ வேண்டும் என்பதே பேச்சு. பக்கத்தில் இருப்பவனோடு ஒத்து வாழ்வதற்கான சொல்லை எடுத்துக் கடவுளோடு சேர்வதற்கு வைத்தார்களே, அந்த மொழிபெயர்ப்பாளர்களை நினைத்தால் எனக்கு நன்றி பெருகுகிறது.

பவுலின் கிரேக்கச் சொல் ‘கத்தலாகே’. அதன் அடிப்படைப் பொருள் மாற்றிக்கொள்வது. காசு மாற்றுவதற்கும் அந்தச் சொல் உண்டு. பகை போய் அந்த இடத்தில் நட்பு வருவது. இதற்குச் ‘சமரசம்’ என்று எழுதுவது பொருந்தாது. சமரசத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இங்கே தவறு ஒரு பக்கம்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘ஒப்புரவாக்குங்கள்’ என்று இல்லை, ‘ஒப்புரவாகுங்கள்’ என்று இருக்கிறது. ஆக்குகிறவர் கடவுள். நாம் இசைந்து கொடுத்தால் போதும்.

குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் சடங்குக்குப் பாவசங்கீர்த்தனம் என்றிருந்த பழைய பெயர் இப்போது ‘ஒப்புரவு அருட்சாதனம்’ ஆகியிருக்கிறது. சங்கீர்த்தனம் என்றால் எடுத்துச் சொல்வது. பழைய பெயர் பாவத்தைச் சொல்வதோடு நின்றது. புதியது அதற்கு அப்புறம் நடப்பதையும் சொல்கிறது. மார்த்தாண்டம் பக்கம் இருக்கும், சிரிய வழிபாட்டு மரபைச் சேர்ந்த மலங்கரை கத்தோலிக்கருக்குப் பெருநோன்பு என்கிற தவக்காலம் திங்கட்கிழமையே தொடங்கிவிடும். அன்று ‘சுப்கோனோ’ என்றொரு வழிபாடு. சிரிய மொழியில் அதற்கு மன்னிப்பு என்று பொருள். ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நோன்புக்குள் நுழைவார்கள்.

எங்கள் பாட்டிக்கு ஒப்புரவு என்ற சொல் பழக்கமில்லை. ‘ராசியாகிறது’ என்பார்; அரபியிலிருந்து வந்து நம் ஊர்ப்பேச்சில் ஊறிப்போன சொல் அது. அதிரில், அதாவது இரண்டு வீட்டு எல்லையில், நின்ற ஒரு தென்னைக்காக அடுத்த வீட்டு அத்தையோடு இரண்டு வருடம் பேச்சு இல்லை. ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை, பாவசங்கீர்த்தனத்துக்குப் புறப்பட்ட பாட்டி ரோட்டுக்குத் திரும்பாமல் அந்த வீட்டு முற்றத்தில் போய் நின்றார்.

“மக்ளே, நான் கோயிலுக்குப் போறேன். உங்கூட ராசியாகாம அங்க போய் என்ன சொல்லதுக்கு?”

அத்தை நடையில் அசையாமல் நின்றார். அப்புறம் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.